ஓவர்டிரைவா டிஸ்டார்ஷனா? ஆம்பைப் பார்த்து முடிவெடுங்கள்

எலெக்ட்ரிக் கிட்டார் கைக்கு வந்து, பார் கார்டு ஓரளவு பிடிபட்டதும் அடுத்த ஆசை பெடல்தான், அதாவது காலால் மிதித்து ஒலியை மாற்றும் சிறு பெட்டி. கடையில் கேட்டால் “ஓவர்டிரைவ் எடுத்துக்கங்க தம்பி, எல்லாத்துக்கும் ஆகும்” என்பார்கள். வீடியோவில் அந்தப் பெடல் பாடும். வீட்டுக்குக் கொண்டுவந்து 10 வாட் ஆம்பில் செருகினால் மூக்கடைத்த குரலில் முனகும். பெடலில் கோளாறு ஒன்றும் இல்லை. வீடியோவில் பெடலுக்குப் பின்னால் டியூப் ஆம்ப் (கண்ணாடி வால்வில் ஓடுவது) இருந்தது, உங்கள் வீட்டில் இருப்பது சாலிட் ஸ்டேட் (டிரான்சிஸ்டரில் ஓடுவது). அவ்வளவுதான் விஷயம்.

காவிரிப் படுகையில் கிட்டார் வாசிப்பவரின் நிலைமை பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். வீட்டில் பயிற்சிக்கு 10 முதல் 25 வாட் வரையிலான சாலிட் ஸ்டேட் ஆம்ப். கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரியிலும் தேவாலயப் பாடற்குழுவிலும் ஆம்பே இல்லாமல் நேராக மிக்ஸர். திருச்சி, தஞ்சாவூர் பக்கம் ஸ்டுடியோவிலோ கல்லூரிக் கலைவிழா மேடையிலோ எப்போதாவது கிடைக்கிற டியூப் ஆம்ப். மூன்றுக்கும் ஒரே பெடலை ஒரே திருகலில் வைத்தால் ஒரு இடத்தில் எடுபடும், மற்ற இரண்டிலும் கெட்டுப்போகும். அதனால் பெடல் வாங்குவதற்கு முன், அது எதற்குள் போய் ஒலிக்கப்போகிறது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

பெடலுக்குள் என்ன நடக்கிறது

பிக்கப்பிலிருந்து (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்) வரும் சிக்னல் மிகச் சிறியது. ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயிலில் சாதாரணமாக 100, 200 மில்லிவோல்ட். இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கரில் பலமாக அடித்தால் அரை வோல்ட்டைத் தாண்டும். பெடல் அதைப் பல மடங்கு பெருக்கி ஒரு ஜோடி டயோடில் மோதவிடுகிறது. சிலிக்கான் டயோடு ஏறத்தாழ 0.6 வோல்ட்டில் திறந்துகொள்ளும், ஜெர்மானியம் 0.3 அளவிலேயே திறக்கும். அதற்கு மேல் எழும் அலையின் உச்சி வெட்டுப்படும். இந்த வெட்டுக்குப் பெயர் கிளிப்பிங். ‘உறுமல்’ என்று நாம் கேட்பது இந்த வெட்டினால் புதிதாக முளைக்கும் ஹார்மோனிக்குகளை, அதாவது மூலச் சுரத்தின் மடங்குகளான மேல் ஒலிகளைத்தான்.

ஓவர்டிரைவிலும் டிஸ்டார்ஷனிலும் டயோடு ஒன்றே, அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் வேறு. ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் போன்ற ஓவர்டிரைவில் டயோடுகள் ஆப்-ஆம்ப் என்ற பெருக்கும் சில்லின் ஃபீட்பேக் வழியில் (வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பும் பாதையில்) இருக்கும். அலை உயர உயர டயோடு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பெருக்கத்தைக் குறைக்கும். உச்சி வளைந்து மழுங்குமே தவிர தட்டையாகாது. மெதுவாக மீட்டினால் சுத்தமாகவும், அழுத்தி அடித்தால் கரகரப்பாகவும் வருவது இதனால்தான். 1978-இல் பாஸ் (Boss) நிறுவனம் கொண்டுவந்த டிஎஸ்-1, அல்லது ப்ரோகோ ரேட் போன்ற டிஸ்டார்ஷனில், சிக்னலை முதலில் நன்றாகப் பெருக்கிவிட்டு, டயோடுகளை சிக்னலிலிருந்து கிரவுண்டுக்கு இணைத்திருப்பார்கள். 0.6 வோல்ட்டைத் தாண்டிய எல்லாம் அப்படியே கிரவுண்டுக்குப் போய்விடும். உச்சி தட்டையாக வெட்டப்படும். ஒலி நீண்டு நிற்கும், ஆனால் மெதுவாக அடித்ததற்கும் பலமாக அடித்ததற்கும் உள்ள வித்தியாசம் குறைந்துபோகும்.

பெட்டியில் எழுதியிருக்கும் பெயரை நம்பி ஏமாறாமல் இருக்கக் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். பெடலின் டிரைவை (கரகரப்பின் அளவைக் கூட்டும் குமிழ்) 12 மணியில் வைத்து, கிட்டாரின் வால்யூம் குமிழை 10-இலிருந்து 5-க்கு இறக்குங்கள். ஒலி ஏறத்தாழ சுத்தமாகிவிட்டால் அது குணத்தில் ஓவர்டிரைவ். சத்தம் மட்டும் லேசாகக் குறைந்து கரகரப்பு அப்படியே இருந்தால், பெயர் எதுவானாலும், டிஸ்டார்ஷன்.

(இந்தக் கட்டுரை முழுவதும் ‘12 மணி’ என்றால் குமிழின் கோடு நேர் மேலே இருப்பது. முழுக்க இடப்பக்கம் திருகினால் சுமார் 7 மணி, முழுக்க வலப்பக்கம் 5 மணி.)

ஆம்புக்குள் என்ன நடக்கிறது

டியூப் ஆம்பில் சிக்னலைப் பெருக்குவது கண்ணாடி வால்வுகள். முன்பகுதியில் பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7, பின்பகுதியில் இஎல்84, இஎல்34, 6எல்6 போன்றவை. சிக்னல் பெருகப் பெருக இவை படிப்படியாகத் திணறும். முதலில் லேசான அடர்த்தி, பிறகு கரகரப்பு, பிறகு முழு உறுமல். எங்கே சுத்தம் முடிந்து எங்கே டிஸ்டார்ஷன் தொடங்கியது என்று கோடு போட முடியாது. ஓவர்டிரைவ் பெடல் என்ற சாமானே இந்தத் திணறலைத் தூண்டிவிடவும் போலிசெய்யவும் பிறந்ததுதான்.

சாலிட் ஸ்டேட் ஆம்பில் டிரான்சிஸ்டரும் சில்லும். எல்லை வரும் வரை சுத்தமாகப் பெருக்கும், எல்லை வந்ததும் சட்டென்று தட்டையாக வெட்டும். இது குறை என்று சொல்லிவிட முடியாது. 1975-இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 சாலிட் ஸ்டேட்தான், சுத்தமான ஒலிக்கு இன்றும் அதைத்தான் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் பெடலால் முட்டித் தள்ளி அதிலிருந்து இனிமையான கரகரப்பை வாங்க முடியாது. முட்டினால் கிடைப்பது வெடிப்புச் சத்தம்தான்.

முதல் படி: உங்கள் ஆம்ப் எது?

சுவிட்சைப் போட்டவுடன் ஒலி வந்தால் சாலிட் ஸ்டேட் அல்லது டிஜிட்டல் மாடலிங் ஆம்ப். 20, 30 வினாடி கழித்து மெல்ல ஒலி எழும்பினால் டியூப். பின்பக்கத் துளை வழியே பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் கம்பி கனலும். ‘ஸ்டாண்ட்பை’ என்று இன்னொரு சுவிட்ச் இருந்தாலும் பெரும்பாலும் டியூப்தான். எடையும் சொல்லிவிடும்: 15 வாட் டியூப் ஆம்பை ஒரு கையால் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது சிரமம்.

முன்பகுதியில் மட்டும் ஒரு டியூபை வைத்து, பின்பகுதி முழுக்க டிரான்சிஸ்டரில் ஓடும் கலப்பு ஆம்புகளும் உண்டு. பெடல் விஷயத்தில் அவற்றை சாலிட் ஸ்டேட் என்றே கணக்கில் வையுங்கள்.

டியூப் ஆம்பைக் கையாள மூன்று விதிகள். ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் ஆன் செய்யக் கூடாது. சுமை இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி அதைச் சுட்டுவிடும். ஆம்பில் 8 ஓம் என்று போட்ட துளையில் 8 ஓம் ஸ்பீக்கர்தான் போக வேண்டும். மூன்றாவது, பின்பலகையைக் கழற்றிக் கைவிடாதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவுக்குத் தேங்கி நிற்கும்.

இரண்டாம் படி: பெடல் இல்லாமல் சுத்தமான ஒலி

பெடலை ஒதுக்கி வையுங்கள். கிட்டாரை நேராக ஆம்பில் செருகி, பேஸ் (கீழ் ஒலி), மிடில் (நடு ஒலி), டிரெபிள் (மேல் ஒலி) மூன்றையும் 12 மணியில் நிறுத்துங்கள். சாலிட் ஸ்டேட் ஆம்பில் ‘டிரைவ்’ அல்லது ‘ஓவர்டிரைவ்’ பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். பலரும் அதை அழுத்திய நிலையில் விட்டுவிட்டு மேலே பெடலையும் போடுவார்கள். இரண்டு கெயினும் (பெருக்கமும்) சேர்ந்தால் இரைச்சல்தான் மிஞ்சும். கெயினை 9, 10 மணியில் வைத்து, எல்லாக் கம்பிகளையும் பலமாக அடித்துப் பார்த்தாலும் ஒலி உடையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

டியூப் ஆம்பில் இதற்கு நேர்மாறு. கெயினை மெதுவாக ஏற்றிக்கொண்டே போய், பலமாக அடிக்கும்போது மட்டும் லேசாகக் கரகரக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஓவர்டிரைவ் பெடல் நன்றாக வேலை செய்வது இந்த விளிம்பில்தான்.

மூன்றாம் படி: இணைப்பு

பாஸ், ஐபனெஸ் போன்ற சிறு பெடல்களில் உள்வாங்கும் துளை வலப்பக்கம், வெளிவிடும் துளை இடப்பக்கம். புதியவர்கள் மாற்றிச் செருகிவிட்டு ‘பெடல் செத்துப்போச்சு’ என்று திரும்பக் கடைக்கு எடுத்துப் போவதுண்டு. கேபிள் 6.35 மில்லிமீட்டர் மோனோ ஜாக். நுனியில் ஒரு கறுப்பு வளையம் இருந்தால் மோனோ, இரண்டு இருந்தால் ஸ்டீரியோ, ஸ்டீரியோ வேண்டாம். கிட்டாரிலிருந்து முதல் பெடல் வரை 5, 6 மீட்டருக்குள் இருக்கட்டும். கேபிள் நீளமாக நீளமாக டிரெபிள் மங்கும்.

வரிசை: கிட்டார், டியூனர், ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், கோரஸ் (ஒலியை அடர்த்தியாக்குவது), டிலே (எதிரொலி தருவது), ஆம்ப். டிலேயை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் எதிரொலிகளும் சேர்ந்து நசுங்கிக் கூழாகிவிடும்.

பவர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி, நடு ஊசி மைனஸ். வீட்டில் பழைய வைஃபை ரவுட்டர் அடாப்டர் கிடக்கும், அதிலும் 9 வோல்ட் என்றே எழுதியிருக்கும், பெடலில் கச்சிதமாகப் பொருந்தவும் செய்யும். ஆனால் ரவுட்டர் அடாப்டரில் வழக்கமாக நடு ஊசி பிளஸ். செருகினால் பெடலின் பாதுகாப்பு டயோடு எரியும். டயோடு இல்லாத பெடல் என்றால் சில்லே போகும். அடாப்டர் மேல் அச்சிட்ட வட்டக் குறியைப் பாருங்கள்: மைனஸ் அடையாளம் நடுப்புள்ளியோடு இணைந்திருந்தால் சரி.

சாதாரண ஓவர்டிரைவ் பெடல் 10 மில்லிஆம்பியர் அளவே இழுக்கும் என்பதால் 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியிலும் ஒரு சீசனை ஓட்டிவிடலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: உள்வாங்கும் துளையில் ஜாக் செருகியிருக்கும் வரை, பெடல் அணைந்திருந்தாலும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் ஜாக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

நான்காம் படி: லெவலைச் சமப்படுத்துங்கள்

டிரைவை முழுக்க இறக்குங்கள், டோன் (ஒலியின் கூர்மைக்கான குமிழ்) 12 மணி. இப்போது பெடலை ஆன், ஆஃப் செய்துகொண்டே லெவலை (பெடலிலிருந்து வெளிவரும் சத்தத்தின் அளவு) ஏற்றி, இரண்டு நிலையிலும் சத்தம் ஒரே அளவாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். இனி எந்த மாற்றமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். டிரைவை ஏற்றினால் சத்தமும் ஏறும். அப்போது லெவலைக் கொஞ்சம் இறக்கிச் சமன்செய்யுங்கள். இதைச் செய்யாமல் ஒப்பிட்டால், எது சத்தமாக இருக்கிறதோ அதுவே நன்றாக இருப்பதாகக் காது சொல்லும்.

ஓவர்டிரைவும் டியூப் ஆம்பும்

பெடலின் டிரைவ் 8, 9 மணி, டோன் 12, லெவல் 2 அல்லது 3 மணி. பெடல் தானாக அதிகம் கரகரக்காது; சிக்னலை உயர்த்தி ஆம்பின் முதல் டியூபை முட்டித் தள்ளும். உறுமல் ஆம்பிலிருந்து வரும். டியூப் ஸ்க்ரீமர் வகை பெடல்கள் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிக்குக் குறைவான பெருக்கமே தரும். அதாவது தடித்த கம்பிகளின் கொழகொழப்பு ஆம்புக்குள் போவதற்கு முன்பே மட்டுப்படுகிறது, நடுப்பகுதி முன்னே வருகிறது. டியூப் ஆம்பில் பேஸ் ஏற்கெனவே தாராளமாக இருப்பதால் இந்தக் கழித்தல் அங்கே நல்லதாக முடிகிறது.

ஆம்ப் முழுச் சுத்தமாக இருக்கும்போது கரகரப்புக்குப் பெடலையே நம்புவதானால் டிரைவ் 12 முதல் 1 மணி, லெவல் சமன். வீட்டில் சத்தம் வைக்க முடியாதவர்களுக்கு இதுதான் வழி. 15 வாட் டியூப் ஆம்பை விளிம்புக்குக் கொண்டுபோனால் தெருவே எழுந்துவிடும்.

ஓவர்டிரைவும் சாலிட் ஸ்டேட்டும்

புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். மேலே சொன்ன அதே அமைப்பை 10 வாட் ஆம்பில் வைத்தால், முட்டித் தள்ளுவதற்கு அங்கே டியூப் இல்லை. லெவல் 3 மணிக்குப் போனால் ஆம்பின் முன்பகுதி தட்டையாக வெட்டும், அல்லது சத்தம் மட்டும் கூடும். பேஸ் குறைந்து நடுப்பகுதி தூக்கிய ஒலி சிறிய 6 அங்குல ஸ்பீக்கரில் மூக்கொலியாகவே கேட்கும்.

சரிசெய்யும் வழி: பெடலின் டிரைவ் 1 முதல் 2 மணி, டோன் 1 மணி, லெவல் சமன் செய்த இடத்துக்கு ஒரு நூல் மேலே மட்டும். ஆம்பில் பேஸ் 2 மணி, மிடில் 10 மணி, டிரெபிள் 12 அல்லது 1. பெடல் கழித்ததை ஆம்ப் திருப்பித் தரட்டும்.

இன்னும் வாங்கவில்லை, ஆம்ப் சாலிட் ஸ்டேட்தான் என்றால், பேஸை அதிகம் கழிக்காத ஓவர்டிரைவைத் தேடுங்கள். 1995-இல் வந்த பாஸ் ப்ளூஸ் டிரைவர் அந்த வகை. ஆம்பின் உதவி அதிகம் இல்லாமலேயே முழு ஒலி தரும். ‘ஆம்ப் இன் எ பாக்ஸ்’ (டியூப் ஆம்பின் ஒலியைப் போலிசெய்பவை) என்று விற்கும் பெடல்களும் இதற்கென்றே செய்தவை. டியூப் ஸ்க்ரீமர் நல்ல பெடல்தான், ஆனால் 10 வாட் சாலிட் ஸ்டேட்டோடு முதல் பெடலாக அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

டிஸ்டார்ஷன் பெடலை எங்கே போடுவது

சுத்தமான சாலிட் ஸ்டேட் ஆம்புக்கு டிஸ்டார்ஷன் பெடல் நல்ல ஜோடி. வேலை முழுவதையும் பெடலே பார்த்துக்கொள்கிறது, ஆம்ப் அதைப் பெரிதாக்கினால் போதும். டிஎஸ்-1 என்றால் டிஸ்ட் (அதில் டிரைவ் குமிழின் பெயர்) 11 அல்லது 12 மணி, டோன் 9 அல்லது 10, லெவல் சமன். ஆம்பில் மிடிலை 2 மணிக்கு ஏற்றுங்கள். காரணம் இருக்கிறது: அந்தப் பெடலின் டோன் நடுவில் நிற்கும்போது 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழுகிறது. அறையில் தனியாக வாசிக்கையில் அந்தப் பள்ளம் பிரம்மாண்டமாகக் கேட்கும். கீபோர்டு, பேஸ் கிட்டார், தபலா, டிரம்ஸ் எல்லாம் சேர்ந்த கச்சேரியில் கிட்டார் காணாமலே போய்விடும். கெயினைக் கூட்டிப் பயனில்லை, மிடிலைக் கூட்டினால்தான் கிட்டார் வெளியே வரும்.

ப்ரோகோ ரேட் வாங்கியவர்கள் கவனிக்க: அதில் டோனுக்குப் பதில் இருக்கும் ஃபில்டர் குமிழ் தலைகீழாக வேலை செய்யும். வலப்பக்கம் திருகத் திருக டிரெபிள் குறையும். பாஸ் மெட்டல் ஸோனில் (1991) நடுப்பகுதியின் அளவுக்கு ஒன்று, அலைவரிசைக்கு ஒன்று என்று ஒரே அச்சில் இரண்டு குமிழ்கள். அதற்குக் கெட்ட பெயர் வந்ததற்குப் பாதிக் காரணம், யாரும் அவற்றைத் திருகிப் பார்க்காததுதான். ஹை 9 மணி, மிட் 1 மணி என்று தொடங்குங்கள்.

டியூப் ஆம்பில் டிஸ்டார்ஷன் போடுவதானால் ஆம்பைச் சுத்தமான நிலைக்கு இறக்கிவிடுங்கள். ஏற்கெனவே கரகரக்கும் ஆம்பில் தட்டையாக வெட்டிய சிக்னலை அனுப்பினால் இரண்டு கிளிப்பிங்கும் சேர்ந்து சலசலப்பும் இரைச்சலுமே மிஞ்சும்.

கார்டு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். கிளிப்பிங் நடக்கும்போது இரண்டு சுரங்கள் சேர்ந்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதுச் சுரங்களும் பிறக்கும். ஒரு சுரத்தோடு அதன் பஞ்சமம் மட்டும் சேர்ந்தால் (இதுவே பவர் கார்டு) பிறப்பவை அதே கார்டுக்குள் பொருந்திப் போகும். அதனால்தான் டிஸ்டார்ஷனில் பவர் கார்டு கச்சிதமாக இருக்கிறது. மேஜர் செவன்த், மைனர் நைன்த் போன்ற கார்டுகளைப் பிடித்தால் எல்லாம் ஒன்றோடொன்று மோதிச் சேறாகும். திரைப்பாடல்களில் இத்தகைய கார்டுகள் ஏராளம் என்பதால், மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர் ரிதமுக்குச் சுத்த ஒலியோ டிரைவ் 9 மணி ஓவர்டிரைவோ வைத்து, இடையிசை லீடுக்கு மட்டும் டிஸ்டார்ஷனை மிதிப்பது நல்லது.

லீடு வரும்போது சத்தம் கூடவில்லை என்ற புகாருக்கும் விளக்கம் உண்டு. டிஸ்டார்ஷனுக்கு முன்னால் ஓவர்டிரைவை வைத்து மிதித்தால் சிக்னல் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் சத்தம் ஏறாது, கரகரப்பும் நீட்சியும்தான் கூடும். சத்தம் வேண்டுமென்றால் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் ஒரு பூஸ்டரோ (சிக்னலை மட்டும் உயர்த்துவது) ஈக்யூ பெடலோ (பேஸ், மிடில், டிரெபிளைச் சரிசெய்வது) வைக்க வேண்டும். அதுவும் சுத்தமான ஆம்பில்தான் பலிக்கும். கரகரக்கும் டியூப் ஆம்ப் என்றால் அந்தப் பூஸ்டரை எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்பின் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் நடுவே பெடல் இணைக்கும் துளைகள்) போடுங்கள்.

ஆம்ப் இல்லாமல் நேராக மிக்ஸரில்

திருவிழா மேடையில் நடப்பது இதுதான். மைக்செட்காரர் ஒரு கேபிளை நீட்டி “இதுல சொருகுங்க சார்” என்பார். சுத்த ஒலி சுமாராக வரும். டிஸ்டார்ஷனை மிதித்ததும் டப்பாவில் அடைபட்ட வண்டாக இரையும். கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் 5, 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஏறத்தாழ எதையும் ஒலிக்காது. கிளிப்பிங்கில் பிறக்கும் கூர்மையான சலசலப்பை அதுதான் வடிகட்டுகிறது. மேடை ஸ்பீக்கரிலோ டுவீட்டர் (மேல் ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்) இருக்கிறது, எல்லாவற்றையும் துல்லியமாகக் கொட்டிவிடும்.

இதற்குச் சரியான மருந்து, ஆம்ப் ஸ்பீக்கரின் இந்த வடிகட்டலைப் போலிசெய்யும் கேபினெட் சிமுலேட்டர். வரிசையில் கடைசியாக, மிக்ஸருக்கு முன்னால் வர வேண்டும். இந்த வேலையைப் பெடல் வடிவில் செய்த டெக் 21 சான்ஸ்ஆம்ப் 1989-இலேயே வந்துவிட்டது. இன்று மலிவான சிமுலேட்டர்களும் மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டிகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலும் மிக்ஸரில்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்றால், இரண்டாவது டிஸ்டார்ஷன் பெடலுக்குச் செலவழிக்கும் பணத்தை இதில் போடுங்கள். சிமுலேட்டர் கையில் இல்லாத நாளில் மிக்ஸரில் உங்கள் சானலின் ஹை குமிழை 8 மணி வரை இறக்கச் சொல்லுங்கள், லோ கட் (கீழ் ஒலியை வெட்டும்) பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள், மிடிலைச் சற்று ஏற்றுங்கள். பெடலின் டோனை 8, 9 மணிக்குக் கொண்டுவாருங்கள். முழு நிவாரணம் இல்லை, ஆனால் காது பிழைக்கும்.

பெடலை அணைத்ததும் ஒலி மங்கிப்போகிறதா? கிட்டார் பிக்கப் 1 மெகாஓம் போன்ற பெரிய இன்புட்டை எதிர்பார்க்கும். மிக்ஸரின் லைன் இன்புட் 10, 20 கிலோஓம்தான். பிக்கப்பின் டிரெபிளை அது குடித்துவிடும். ‘ட்ரூ பைபாஸ்’ பெடல் அணைந்ததும் கிட்டார் நேரடியாக மிக்ஸரோடு இணைந்துவிடுகிறது, அதனால் மங்கல். பாஸ் வகைப் பெடல்கள் அணைந்த நிலையிலும் உள்ளே பஃபர் (பிக்கப்பின் சிக்னலை மங்காமல் கடத்தும் சர்க்யூட்) ஓடிக்கொண்டிருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. மிக்ஸர்வாசிகளுக்கு, விளம்பரத்தில் பெருமையாகப் போடும் ட்ரூ பைபாஸைவிட, சாதாரணமான ஒரு பஃபர் பெடல் அதிகம் உதவும். மேடையிலிருந்து மிக்ஸர் தொலைவில் இருந்தால் நடுவில் டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை நீண்ட மைக் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வேண்டும்; மின்சாரம் தேவைப்படும் ‘ஆக்டிவ் டிஐ’ என்றால் மிக்ஸரில் மைக் கேபிள் வழியே போகும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரை ஆன் செய்யச் சொல்லுங்கள்.

கரண்ட், எர்த், ஹம்

கெயினைக் கூட்டும்போது இசையோடு இரைச்சலும் பெருகும். இரைச்சலின் வகையைக் காதால் பிரித்தால் காரணம் தெரிந்துவிடும்.

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது பிக்கப் பிடிக்கும் இரைச்சல். சீரியல் விளக்கு, டிம்மர், அடாப்டர் இவற்றிலிருந்து விலகி நில்லுங்கள், கிட்டாரைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஹம்பக்கருக்கு இந்தத் தொல்லை குறைவு. கம்பியைத் தொட்டும் தொடாமலும் ஒரே அளவில் ‘ம்ம்ம்’ என்ற 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்தால் கிரவுண்ட் லூப்பாக இருக்கலாம்: ஆம்ப் ஒரு போர்டிலும் மிக்ஸர் இன்னொரு போர்டிலும் செருகியிருப்பார்கள். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குக் கொண்டுவாருங்கள். டிஐ பாக்ஸில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிட்ச் இருந்தால் அதையும் மாற்றிப் பாருங்கள். ‘ஞீ’ என்ற மெல்லிய விசில் வந்தால் டிஜிட்டல் டிலேயும் ஓவர்டிரைவும் ஒரே அடாப்டரில் ஓடுகின்றன. டிலேக்குத் தனி அடாப்டர் கொடுங்கள்.

ஹம்மை நிறுத்த ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பது, இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகுவது இரண்டையும் ஒருபோதும் செய்யாதீர்கள். கையில் கிட்டார் கம்பி, உதட்டில் மைக். இரண்டில் ஒன்றில் எர்த் இல்லாமல் கசிவு இருந்தால் மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகத்தான் போகும். வயலோரப் பந்தலில் ஜெனரேட்டர் வைத்து நடத்தும் கச்சேரிகளில் எர்த் கம்பி ஈர மண்ணில் அடித்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். டெஸ்டரால் மைக்கின் வலையையும் கிட்டார் கம்பியையும் தொட்டுப் பார்த்து, விளக்கு எரிந்தால் வாசிக்காதீர்கள்.

டியூப் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு வோல்டேஜும் கவலைதான். டியூபின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட், பத்து சதவீதம் முன்பின் தாங்கும். கிராமத்து லைனில் மும்முனை மின்சாரம் வந்து பம்ப்செட்டுகள் ஓடத் தொடங்கினால் 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 காட்டுவது உண்டு. அது பதினேழு சதவீத இறக்கம். ஒலி சுருங்கும், டியூபின் ஆயுளும் குறையும். ஆம்பின் வாட்டுக்கு ஏற்ற ஸ்டெபிலைசர் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்ப் என்றால் பின்பக்கம் 120 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று படித்துவிட்டுச் செருகுங்கள்.

வழக்கமான கோளாறுகள்

பெடல் விளக்கு எரிகிறது, ஒலி இல்லை: பேட்ச் கேபிளை (பெடல்களை இணைக்கும் சிறு கேபிள்) மாற்றுங்கள். பத்தில் ஒன்பது முறை அதுதான்.

ஒலி இருக்கிறது, விட்டுவிட்டுப் புஸ்ஸென்று அணைகிறது: பேட்டரி தீர்கிறது. 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மாற்றுங்கள்.

குமிழைத் திருகும்போது கரகர: பொட்டென்ஷியோமீட்டரில் (குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம்) தூசும் ஈரமும். கான்டாக்ட் கிளீனரைத் துளை வழியே ஒரு சிறு அளவு அடித்து, குமிழை இருபது முப்பது முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகுங்கள். மசகு எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், பிசுக்குப் பிடித்து இன்னும் தூசைச் சேர்க்கும்.

டியூப் ஆம்பில் தனியே ‘கிணிங்’ என்று ஒரு ஓசை: மேடு பள்ளச் சாலையில் வேனில் வந்த ஆம்புக்கு இது சகஜம். ஆம்பை ஆன் செய்து, முன்பகுதி டியூபைப் பென்சிலின் மரப்பகுதியால் மெல்லத் தட்டுங்கள். தட்டும் ஓசை ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டால் அந்த 12ஏஎக்ஸ்7 மாற வேண்டியது. டியூப் வெளியே தெரியாத ஆம்ப் என்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள். அடுத்த முறை, ஆம்ப் முழுக்க ஆறிய பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, காரைக்கால், தரங்கம்பாடி என்று கடலோரம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று தனிப் பிரச்சினை. ஜாக்கின் நுனி பச்சை பூக்கும், ஒலி விட்டுவிட்டு வரும். வாசித்து முடித்ததும் ஜாக்கையும் கம்பியையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெடல்களை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். பல நாள் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஈரத்தில் அது கசிந்தால் பித்தளை முனையை மட்டுமல்ல, சர்க்யூட் தடங்களையும் அரித்துவிடும். ஸ்டெபிலைசரையும் அடாப்டரையும் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.